மஞ்சக் கடுதாசியைப் பிரிக்கிறவர் யாருக்குப் பதில் சொல்றார்?

1/
இது மருத்துவ இழை இல்ல. சுகர், பிரஷர், டெங்கு பத்தி எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். ஆனா ஆரம்பம் என் கன்சல்டிங் ரூம்லதான். கொஞ்சம் நீளம், டீயோட உக்காருங்க.

2/
டெல்டால சின்ன ஊர் டாக்டருக்கு இன்னொரு உத்தியோகம் உண்டு. இங்கிலீஷ்ல வர்ற கடுதாசியைப் படிச்சுச் சொல்றது. எல்.ஐ.சி. லெட்டர், ஈ.பி. நோட்டீஸ், பையனோட ஆஃபர் லெட்டர் எல்லாம் பிரஷர் பார்க்கிற கையோடயே பையிலருந்து வெளிய வரும். ஃபீஸ் கிடையாது. முருங்கைக்காய் வரும்.

3/
அப்படி ஒருத்தர். அறுபதைத் தாண்டினவர், பத்து வருஷமா என்கிட்ட சுகருக்கு வர்றார். மாத்திரையை ரெண்டு மாசமா நிறுத்திட்டார். ஏன்யான்னு அதட்டினேன். பேசாம ஒரு கவரை நீட்டினார். பேங்க் நோட்டீஸ். அவர் பேர்ல கரும்புக் கடன் நிலுவை, வட்டியோட கட்டணும்னு இருக்கு.

"நான் அந்த பேங்க் வாசப்படியே மிதிச்சதில்லைங்க டாக்டர்"ங்கிறார்.

4/
அவர் எந்த ஆலைக்குக் கரும்பு போட்டார், எந்த பேங்க்னு இங்க சொல்ல மாட்டேன். நோயாளி விஷயம் வெளிய போகக்கூடாது. அடையாளம் தெரியாதபடி ஒண்ணு ரெண்டு விவரத்தை மாத்தியும் இருக்கேன். ஆலைல பீல்டுமேன் பதிவுக்குன்னு சொல்லி கையெழுத்து வாங்கினார், ஆதார் ஜெராக்ஸ் வாங்கினார், அவ்வளவுதான் இவருக்குத் தெரியும். அதோட விளைவு, பொண்ணுக்குக் கல்விக்கடன் கேட்டப்ப சிபில் சரியில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

சுகர் 340. நான் இன்சுலின் எழுதலாம். அந்த நோட்டீஸுக்கு என்ன எழுத?

5/
இது ஒருத்தர் கதை இல்லைன்னு டெல்டாக்காரங்களுக்குத் தெரியும். ஊரறிஞ்ச விஷயத்துக்கே வர்றேன்: பாபநாசம் தாலுகா திருமண்டங்குடி. தொண்டரடிப்பொடி ஆழ்வார் பிறந்த ஊர். இன்னைக்குக் கூகுள்ல தட்டினா ஆழ்வாருக்கு முன்னாடி ஆலைப் போராட்டம்தான் வருது. திரு ஆரூரான் சர்க்கரை ஆலை கரும்புக்குப் பணம் பாக்கி வச்சு நொடிச்சுது. திவால் சட்டத்துல போச்சு. கால்ஸ் கைக்கு மாறுச்சு. 2022 நவம்பர்ல ஆலை வாசல்ல உக்காந்த கரும்பு விவசாயிங்க, ஒரு வருஷத்தைத் தாண்டியும் எழுந்திருக்கல.

6/
அவங்க கேட்டது ரெண்டு. வெட்டி அனுப்பின கரும்புக்கு முழுப் பணம். எங்க பேர்ல பழைய நிர்வாகம் வாங்கினதா நாங்க சொல்ற பேங்க் கடன்லருந்து எங்களை விடுவி.

இதுல யார் குற்றவாளின்னு தீர்ப்பு சொல்ற இடத்துல நான் இல்ல. அதுக்கு போலீஸ் இருக்கு, கோர்ட் இருக்கு. என் கேள்வி வேற. ஆலை நொடிச்ச நாள்லருந்து புது முதலாளி வர்ற நாள் வரை நடுவுல ஒரு தொழில்காரர் நிக்கிறார். அவரைப் பத்தி யாருமே பேசறதில்ல. இந்த இழை அவரைப் பத்தி.

7/
நம்ம பக்கம் ஒருத்தன் கடன் கட்ட முடியாம கையை விரிச்சா "மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்"னு சொல்லுவோம். கொஞ்சம் படிச்சவங்க "ஐ.பி. போட்டுட்டான்"னு சொல்லுவாங்க. இன்சால்வென்சி பெட்டிஷன். 1920ஆம் வருஷத்து மாகாண திவால் சட்டத்துல ஜில்லா கோர்ட்டுக்குப் போற மனு. சென்னைப் பட்டணத்துக்கு 1909 சட்டம் தனி. 1906ல ஆர்பத்நாட் கம்பெனி கவுந்து சென்னையே அலறினதுக்கு மூணு வருஷம் கழிச்சு வந்தது அது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாசம் ஜெயில். அந்தக் கசப்புலதான் அடுத்த வருஷமே இந்தியன் பேங்க் பொறந்துச்சு.

8/
இந்தப் பழைய கதை எதுக்குன்னா, அந்தக் காலத்துல நொடிச்சவன் சொத்தைக் கையில எடுத்தவர் கோர்ட் அதிகாரி. அஃபிஷியல் அசைனி. கம்பெனின்னா அஃபிஷியல் லிக்விடேட்டர். சர்க்கார் சம்பளம், ஹைகோர்ட் மேற்பார்வை. ஆமை வேகம், ஒத்துக்கிறேன். பேரன் காலத்துலதான் பைசா வரும். ஆனா அவர் யாருக்குப் பதில் சொல்லணும்கிறதுல சந்தேகம் இல்ல.

9/
2016ல புதுச் சட்டம் வந்துச்சு. இன்சால்வென்சி அண்டு பேங்க்ரப்சி கோட். இதையும் சுருக்கி ஐ.பி.சி.ன்னுதான் சொல்றாங்க. முதல் தடவை கேட்டப்ப யாரையோ பீனல் கோட்ல உள்ள தள்றாங்கன்னு நினைச்சேன். நம்ம விவசாயிங்களும் அப்படித்தான் நினைச்சு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டிருப்பாங்க. பாவம்.

10/
இந்தச் சட்டம் ஒரு புதுத் தொழிலையே உண்டாக்கிச்சு. திவால் நிபுணர். கம்பெனி கேஸ்ல அவருக்கு ரெசல்யூஷன் ப்ரொஃபஷனல்னு பேர், சுருக்கமா ஆர்.பி. அனேகமா ஆடிட்டர், கம்பெனி செக்ரட்டரி, காஸ்ட் அக்கவுண்டன்ட், வக்கீல் இவங்கள்ல பத்து வருஷ அனுபவம் உள்ளவர். ஒரு பரீட்சை, ஒரு பயிற்சி, ரிஜிஸ்ட்ரேஷன். கேஸ் அட்மிட் ஆன அன்னைக்கே போர்டு ஆஃப் டைரக்டர்ஸோட அதிகாரம் முழுக்க இவர் கைக்கு வந்துடும். ஆலை, குடோன், செக் புக், கணக்குப் புஸ்தகம் எல்லாம் இவர் பொறுப்பு. யாருக்கு எவ்வளவு பாக்கின்னு மனு வாங்கிச் சரிபார்த்து லிஸ்ட் போடறதும் இவர்தான்.

எங்க மொழில சொன்னா, ஐ.சி.யூ. டியூட்டி டாக்டர்.

11/
இந்த டாக்டரை நியமிக்கிறது யார்? கடன்கொடுத்தவங்க கமிட்டி. கமிட்டில யார்? நிதிக் கடன் கொடுத்தவங்க மட்டும், அதாவது பேங்க். 66 சதவீத ஓட்டு இருந்தா ஆர்.பி.யை உறுதி பண்ணலாம், பிடிக்கலைன்னா மாத்தலாம். ஃபீஸ் தீர்மானிக்கிறதும் அதே கமிட்டி. 2022 அக்டோபர்லருந்து குறைஞ்சபட்ச ஃபீஸ்னு விதி வந்திருக்கு: மொத்தக் கோரிக்கை 50 கோடிக்குள்ள இருந்தா மாசம் ஒரு லட்சம், பத்தாயிரம் கோடிக்கு மேல போனா மாசம் அஞ்சு லட்சம். அதுக்கு மேல ஊக்கத்தொகையும் கமிட்டி கொடுக்கலாம், உச்சவரம்பு அஞ்சு கோடி. சீக்கிரம் முடிச்சியா, கலைப்பு மதிப்பைவிட எவ்வளவு கூட வந்துச்சு, இதுதான் அளவுகோல்.

எத்தனை விவசாயியோட எடைச்சீட்டை ஒழுங்கா சரிபார்த்தேங்கிறதுக்கு ஒரு பைசா ஊக்கம் கிடையாது.

12/
விவசாயி யாருங்க இந்தச் சட்டத்துல? "ஆபரேஷனல் கிரெடிட்டர்". செயல்பாட்டுக் கடன்கொடுத்தவர். ஆலைக்கு ஸ்டேஷனரி சப்ளை பண்ணின கம்பெனி, செக்யூரிட்டி ஏஜென்சி, கரும்பு போட்ட ஆளு, எல்லாம் ஒரே வரிசை. கமிட்டில ஓட்டு கிடையாது. இந்த வகையோட மொத்தப் பாக்கி, கடன்ல 10 சதவீதத்தைத் தொட்டா பிரதிநிதி ஒருத்தர் மீட்டிங்ல வந்து உக்காரலாம். உக்காரலாம், அவ்வளவுதான்.

13/
பணம் பிரிக்கிற வரிசை 53ஆம் பிரிவுல இருக்கு. முதல் படி: திவால் நடவடிக்கைச் செலவு, முழுசா. ஆர்.பி. ஃபீஸ் அதுலதான் வருது. அடுத்து தொழிலாளியோட 24 மாசச் சம்பளமும் ஈடு வச்சுக் கடன் கொடுத்த பேங்க்கும் சமமா. அப்புறம் மத்த ஊழியர்களோட 12 மாசச் சம்பளம். அப்புறம் ஈடு இல்லாத நிதிக் கடன். அப்புறம் சர்க்கார் பாக்கி. அதுக்கும் கீழ "மீதமுள்ள கடன்கள்"னு ஒரு வரி. கரும்பு அங்க இருக்கு. மோட்டார் போட்டும் தண்ணி வராத கடைமடை மாதிரி.

14/
பிளான் போட்டு ஆலையை வித்தாலும் இதே கதைதான். ஆபரேஷனல் கிரெடிட்டருக்குக் குறைஞ்சது கலைப்புல என்ன கிடைச்சிருக்குமோ அது, இல்லைன்னா பிளான் தொகையை 53ஆம் பிரிவு வரிசைப்படி பிரிச்சா என்ன வருமோ அது, ரெண்டுல எது கூடவோ அதைக் கொடுத்தா போதும்கிறது சட்டம். கலைப்புல கடைமடைக்கு என்ன வரும்? அனேகமா சைபர். சைபருக்குக் குறையாம கொடுங்கன்னு சட்டம் போட்டிருக்காங்க.

15/
"கரும்புக்குத் தனிச் சட்டம் இருக்கே"ன்னு கேப்பீங்க. இருக்கு. 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. கரும்பு ஆலை வாசலைத் தாண்டின 14 நாள்ல பணம் பட்டுவாடா ஆகணும். ஆகலைன்னா வருஷம் 15 சதவீத வட்டி. அப்பவும் தரலைன்னா நிலவரி பாக்கி மாதிரி கலெக்டர் வசூல் பண்ணலாம். காகிதத்துல இதைவிட நல்ல சட்டம் எந்தப் பயிருக்கும் இல்ல. நெல்லுக்குக்கூட இப்படி இல்ல.

ஆனா திவால் கேஸ் அட்மிட் ஆன நிமிஷம் மொராட்டோரியம். 14ஆம் பிரிவு. கம்பெனி மேல எந்த வசூல் நடவடிக்கையும் கூடாது. 14 நாள்ல பணம்னு சொன்ன சட்டத்தை 14ஆம் பிரிவு முழுங்கிடுச்சு.

16/
இதுக்கு முன்னாடியும் விவசாயி ஒண்ணும் மேல்படில இல்ல. 2007ல கர்நாடகா சிரிகுப்பா சர்க்கரை ஆலை வழக்குல, அடகு வச்ச சர்க்கரை மூட்டை மேல பேங்குக்குத்தான் முதல் உரிமை, கரும்புப் பாக்கிக்கும் தொழிலாளி பாக்கிக்கும் அப்புறம்தான்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. கரும்பு விவசாயியோடது, சர்க்கரை பேங்க்கோடது. ஜூஸ் பிழியற நேரத்துல உரிமை மாறிடுது.

17/
இப்ப அந்த "பேர்ல கடன்" விஷயத்துக்கு வாங்க. இது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆச்சு, ஒரு வக்கீல் நண்பர் பேப்பர்ல படம் போட்டுக் காட்டினார்.

விவசாயி பேர்ல பேங்க் கடன். ஆலை ஜாமீன். இந்த மாதிரி ஏற்பாடு பல சர்க்கரை ஆலைகள்ல உண்டு, நேர்மையா நடந்தா தப்பும் இல்ல. ஆலை நொடிச்சா, பேங்க் அந்த ஜாமீனைக் காட்டி "நானும் நிதிக் கடன் கொடுத்தவன்"னு கமிட்டிக்குள்ள போகலாம். ஓட்டு கிடைக்கும். ஆர்.பி.யை நியமிக்கலாம். எந்த பிளானுக்கு ஓகே சொல்றதுன்னு தீர்மானிக்கலாம். பிளான் முடிஞ்சதும் ஆலையோட ஜாமீன் தீர்ந்துடும். கடன்காரன்? அவன் இன்னும் கடன்காரன்தான். ஜாமீன்தாரர் கேஸ் முடிஞ்சா அசல் கடன்காரர் விடுதலை ஆக மாட்டார்.

18/
திரும்ப ஒரு தடவை படிங்க. யார் பேர்ல கடன் இருக்கோ அவருக்கு ஓட்டு இல்ல. அவர் பேர்ல இருக்கிற கடனை வச்சு இன்னொருத்தர் ஓட்டுப் போடறார். எல்லாம் முடிஞ்சப்புறம் நோட்டீஸ் மட்டும் இவர் வீட்டுக்கு வருது.

19/
"சரி, ஆர்.பி. என்ன பண்ணுவார், சட்டம் அப்படி"ன்னு என் ஆடிட்டர் நண்பரே சொன்னார். பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்றேன். இதே சட்டத்துல 43லருந்து 51 வரைக்கும், அப்புறம் 66ஆம் பிரிவு, இதையெல்லாம் படிங்க. பழைய நிர்வாகம் மோசடியா ஏதாவது பண்ணியிருந்தா, சொத்தை மலிவா கைமாத்தியிருந்தா, ஒருத்தருக்கு மட்டும் சலுகையா கொடுத்திருந்தா, அதைத் தோண்டி எடுத்து என்.சி.எல்.டி.ல மனு போடற கடமை ஆர்.பி.க்கு இருக்கு. கணக்குப் புஸ்தகம் அவர் கைல. ஆயிரக்கணக்கான பேர்ல கடன் இருக்கு, கையெழுத்து வாங்கினவங்க ஆலை ஊழியர்ங்கன்னு புகார் வந்தா, "பணம் எந்த அக்கவுண்டுக்குப் போச்சு"ன்னு பார்க்க இவரைவிட வசதியான ஆள் இந்தியாவுலயே இல்ல.

20/
பார்க்கலைன்னா? அங்கதான் ஒழுங்குமுறை வரணும். வருதா?

இந்தத் தொழிலுக்கு ரெண்டு அடுக்கு. மேல ஐ.பி.பி.ஐ., 2016 அக்டோபர்ல அமைஞ்ச வாரியம். கீழ மூணு ஏஜென்சி. அந்த மூணையும் நடத்தறது யார்? ஆடிட்டர் இன்ஸ்டிடியூட் ஒண்ணு, கம்பெனி செக்ரட்டரி இன்ஸ்டிடியூட் ஒண்ணு, காஸ்ட் அக்கவுண்டன்ட் இன்ஸ்டிடியூட் ஒண்ணு. அந்தந்தச் சாதியோட பஞ்சாயத்து மாதிரி. தன் ஆளைத் தானே சேர்க்கும், தானே பயிற்சி தரும், தானே கண்காணிக்கும்.

21/
டாக்டர் நீ பேசாதேன்னு சொல்ற குரல் கேக்குது. நியாயம். எங்க கதையைச் சொல்லிட்டே போறேன். 2010ல மெடிக்கல் கவுன்சில் ஆஃப் இந்தியா தலைவரையே சி.பி.ஐ. கைது பண்ணிச்சு, கவுன்சிலையே கலைச்சாங்க. எங்களை நாங்களே பார்த்துக்கிட்ட லட்சணம் அதுதான். இன்னைக்கு என்.எம்.சி. வந்தும் எல்லாம் சரியாயிடுச்சுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். டாக்டரை டாக்டரே விசாரிக்கிற இடத்துல நோயாளி எப்பவும் தனியாத்தான் நிக்கிறார். அதைப் பார்த்தவன்கிறதாலதான் இதை எழுதறேன்.

22/
ஆனா ஒரு வித்தியாசம். 1995ல சுப்ரீம் கோர்ட் வி.பி. சாந்தா வழக்குல, காசு வாங்கி வைத்தியம் பார்த்தா நீ நுகர்வோர் சட்டத்துக்குள்ள வருவேன்னு சொல்லிடுச்சு. அன்னைக்கு நாங்க குதிச்ச குதி கொஞ்ச நஞ்சமில்ல. வானம் இடிஞ்சு விழும்னோம். விழல. என் நோயாளி தஞ்சாவூர் நுகர்வோர் கோர்ட்ல என்னை நிறுத்தலாம். இந்த நினைப்பு ஒவ்வொரு கேஸ் ஷீட் எழுதறப்பவும் என் பேனாவுல இருக்கு. வக்கீல்களுக்கு? 2024 மே மாசம், வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள்ள வராதுன்னு அதே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. சாந்தா தீர்ப்பையே மறுபடி பார்க்கணும்னும் சொல்லிச்சு. தொழில்னா வியாபாரம் இல்லையாம். 1995ல எங்களுக்கு ஏன் சொல்லல சார்?

23/
ஆடிட்டர்கள் விஷயத்துல கொஞ்சம் கண்ணு தொறந்துச்சு, அதுவும் அடி விழுந்தப்புறம். 2009 ஜனவரில சத்யம். பல வருஷம் கணக்குல இல்லாத பணத்தை இருக்கிறதா காட்டியும் ஆடிட் கையெழுத்து விழுந்திருக்கு. அதுக்கப்புறம் 2013 கம்பெனி சட்டத்துல என்.எஃப்.ஆர்.ஏ.ன்னு இன்ஸ்டிடியூட்டுக்கு வெளிய ஒரு கண்காணிப்பு அமைப்பு எழுதினாங்க. அதை உண்மையில அமைக்க 2018 அக்டோபர் ஆச்சு. சட்டம் எழுதி அஞ்சு வருஷம்! நடுவுல யார் தடுத்தாங்கன்னு கேக்காதீங்க, எந்தத் தொழில்ல நுழைஞ்சாலும் சங்கம்னு ஒண்ணு இருக்கும்.

24/
இங்கிலாந்துல 2007ல ஒரு சட்டம் போட்டு, வக்கீல் சங்கத்தோட வேலையையும் வக்கீலைக் கண்காணிக்கிற வேலையையும் பிரிச்சாங்க. தொழில்காரனுக்காகப் பேசற வாய் வேற, அவனைத் தட்டிக் கேக்கிற கை வேற. இங்க ரெண்டும் ஒரே ஆளு. பார் கவுன்சில் அப்படித்தான் 1961லருந்து. சொல்லப்போனா அங்கயும் திவால் நிபுணர்களைத் தொழில் அமைப்புகளேதான் பார்த்துக்குது. எல்லாருக்கும் ஒரே கண்காணிப்பாளர்னு 2021 டிசம்பர்ல அவங்க அரசாங்கம் யோசனை சொல்லிச்சு, அப்புறம் அதைக் கைவிட்டுடுச்சு. அங்கயும் சங்கம் இருக்கு போல.

25/
புகார் கொடுக்கிறது எப்படின்னு பார்த்தேன். என் பெரியவருக்காக. ஐ.பி.பி.ஐ.க்கு எழுதலாம். "குறை"ன்னு போட்டா இலவசம். "புகார்"னு போட்டா 2,500 ரூபாய் கட்டணும், புகார் பொய்யோ விஷமமோ இல்லைன்னா திருப்பித் தருவாங்க. ஃபாரம் இங்கிலீஷ்ல. ஆஃபீஸ் டெல்லில. பெரியவர் பாபநாசம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டினா திரும்பி வர வழி கேக்கிறவர்.

26/
வேற வழி? சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்ல, 231. நல்லெண்ணத்தோட செஞ்ச காரியத்துக்கு ஆர்.பி. மேல கேஸ் போட முடியாது, 233. இந்தச் சட்டத்துல குற்றம்னு விசாரிக்கணும்னா வாரியமோ மத்திய அரசோதான் புகார் கொடுக்கணும், 236. லஞ்சம் வாங்கினா? ஆர்.பி. பொது ஊழியர்தான், ஊழல் தடுப்புச் சட்டம் பாயும்னு 2023ல ஜார்கண்ட் ஹைகோர்ட் சொல்லிச்சு. அதே 2023ல டெல்லி ஹைகோர்ட் இல்லைன்னு சொல்லிச்சு. ஊர் வி.ஏ.ஓ. ஐநூறு வாங்கினா ஊழல் தடுப்பு போலீஸ் பவுடர் தடவி நோட்டு கொடுத்துப் பிடிக்குது. நூறு கோடி ஆலையைக் கைல வச்சிருக்கிறவர் பொது ஊழியரா இல்லையான்னு கோர்ட்டுக்கே குழப்பம்.

27/
நியாயமா ஒண்ணு சொல்லணும். ஐ.பி.பி.ஐ. சும்மா இல்ல. தப்பு பண்ணின நிபுணர்களை சஸ்பெண்ட் பண்ணுது, அபராதம் போடுது, ஆர்டரை வெப்சைட்ல எல்லாரும் படிக்கிற மாதிரி போடுது. 220ஆம் பிரிவுல, நஷ்டப்பட்டவங்களுக்கு ஈடு செய்யவும் வாரியத்துக்கு வழி கொடுத்திருக்காங்க. நேர்மையா ராப்பகலா வேலை பார்க்கிற ஆர்.பி.க்கள் உண்டு, எனக்கே ஒருத்தரைத் தெரியும், பழைய முதலாளியோட ஆளுங்க மிரட்டினதைத் தாங்கி நின்னவர். நான் ஆளைத் திட்டல. அந்த நாற்காலி எப்படிச் செஞ்சிருக்குன்னு பேசறேன். நாற்காலியோட நாலு காலும் பேங்க் பக்கம் சாஞ்சிருக்கு.

28/
அந்த ஆர்டர்களை ஒரு ராத்திரி உக்காந்து சிலது படிச்சேன். (வைஃப் திட்டினாங்க, நீட் பிஜிக்குக்கூட இப்படிப் படிச்சிருக்க மாட்டீங்கன்னு.) நான் படிச்சதுல பெரும்பாலும் நோட்டீஸ் லேட், மீட்டிங் மினிட்ஸ் சரியில்ல, ஃபீஸ் கூட வாங்கிட்டார், கமிட்டி அனுமதி இல்லாம செலவு பண்ணிட்டார், இப்படித்தான். பேங்குக்கு வலிக்கிற விஷயம். "ஓட்டு இல்லாத கடன்காரரோட கோரிக்கையை அலட்சியமா தள்ளிட்டார்"னு ஒரு விவசாயி கொடுத்த புகார்ல வந்த ஆர்டர் அன்னைக்கு என் கண்ணுல படல. புகார் கொடுக்கிற வழியே தெரியாதவங்க பேர்ல ஆர்டர் எப்படி வரும்?

29/
கோரிக்கை மனு கொடுக்கிறதே ஒரு கதை. அறிவிப்பு வந்து, ஆர்.பி. பொறுப்பேத்த 14 நாள்ல ஃபாரம் பி. விட்டவங்களுக்குக் கொஞ்சம் கால நீட்டிப்பு உண்டு, அதையும் விட்டா போச்சு. அறிவிப்பு ஒரு இங்கிலீஷ் பேப்பர்ல, ஒரு வட்டார மொழிப் பேப்பர்ல. கம்பெனி ரிஜிஸ்டர்டு ஆஃபீஸ் இருக்கிற ஊர்ல கட்டாயம். ஆலை ஆஃபீஸ் சென்னைல இருந்தா சென்னைப் பதிப்புல போட்டாலே சட்டம் திருப்தி. வியாபாரம் நடக்கிற மத்த ஊர்ல போடறது அவரோட "அபிப்பிராயம்". அறுவடை நேரத்துல, கொல்லைல நிக்கிற ஆளு, சென்னைப் பேப்பரோட பதினோராம் பக்கத்து மூலைல பொடி எழுத்துல வர்ற விளம்பரத்தைப் பார்த்து, எடைச்சீட்டைத் தேடி எடுத்து, ஈமெயில் அனுப்பணும்.

30/
விட்டா என்ன ஆகும்? 2021 ஏப்ரல்ல கனஷ்யாம் மிஸ்ரா வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவாச் சொல்லிடுச்சு: பிளான்ல இல்லாத பாக்கி, பிளான் அப்ரூவ் ஆன அன்னைக்குச் செத்துச்சு. புது முதலாளிக்குச் சுத்தமான சிலேட்டு. விவசாயியோட ஒரு போகமும் அதுல அழிஞ்சுது.

போலியோ சொட்டு மருந்துக்கு வீடு வீடாப் போறோம். ஒரு குழந்தை விட்டுப்போனா சுவர்ல குறி போட்டு மறுநாள் திரும்பப் போறோம். "பேப்பர்ல போட்டோம், நீ வரல"ன்னு எந்த ஹெல்த் ஆபீசராவது சொன்னா விடுவீங்களா?

31/
இதையெல்லாம் மாத்தவே முடியாதுன்னு யாரும் சொல்ல வேண்டாம். மாத்தியிருக்காங்க. டெல்லி பக்கம் ஜேபி மாதிரி கட்டுமானக் கம்பெனிங்க நொடிச்சப்ப, ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டினவங்க நடுத்தெருவுல நின்னாங்க. அவங்களும் அப்ப கமிட்டிக்கு வெளியதான். டிவில கத்தினாங்க, சுப்ரீம் கோர்ட் போனாங்க. 2018 ஜூன் 6ஆம் தேதி அவசரச் சட்டம். ஃப்ளாட் வாங்கினவங்களும் நிதிக் கடன்காரர்தான்னு எழுதினாங்க. ஆயிரக்கணக்கான பேர் மீட்டிங் வர முடியாதுன்னு அவங்களுக்குன்னே தனி அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி, அவரும் ஒரு திவால் நிபுணர்தான், அவர் போய் ஓட்டுப் போடுவார். சந்தோஷம். வீடு கிடைக்காதவன் வலி எனக்குப் புரியுது.

பத்து மாசம் தண்ணி கட்டி, வெட்டுக்கூலியும் கைக்காசுல கொடுத்து, வண்டி ஏத்தி அனுப்பினவன் ஆலைக்குக் கொடுத்ததும் முன்பணம்தானே? ரூபாயா கொடுக்காம டன்னா கொடுத்தான். அவ்வளவுதான் வித்தியாசம்.

32/
அதனால நான் கேக்கிறது ஒண்ணும் புரட்சி இல்ல. சர்க்கரை ஆலை நொடிச்சா கரும்பு விவசாயிங்களுக்கு ஃப்ளாட்காரங்களுக்குக் கொடுத்த அதே பிரதிநிதி, அதே ஓட்டு. கரும்புப் பதிவேடு ஆலைலயே இருக்கு, யார் எத்தனை டன் போட்டாங்கன்னு கேன் ஆபீஸ் ரிஜிஸ்டர் சொல்லும். விவசாயி மனு போடற வரைக்கும் காத்திருக்காம ஆர்.பி.யே அந்த ரிஜிஸ்டரைப் பார்த்து லிஸ்ட் போடணும், கோட்டத்துக்கு ஒரு நாள் முகாம் போட்டு தமிழ்ல படிச்சுக் காட்டணும். மூணாவது மனுஷங்க பேர்ல கடன்னு புகார் வந்தா, பணம் போன தடத்தைப் பார்த்து எழுத்துல பதில் சொல்லாம பிளானை கமிட்டி முன்னாடி வைக்கவே கூடாது. அந்த விசாரணை முடியற வரை விவசாயி பேரை சிபில்ல கறுக்க வைக்காதீங்கன்னு ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குச் சொல்லணும்.

கடைசியா, அந்த மூணு ஏஜென்சியோட ஒழுங்கு நடவடிக்கை வேலையைப் பிடுங்கி வெளிய வைங்க. அதுல ஆடிட்டர், வக்கீல் மட்டும் உக்காரக்கூடாது. எங்க மெடிக்கல் கவுன்சிலுக்கும் இதையேதான் சொல்வேன், சொல்லி வாங்கிக் கட்டியும் இருக்கேன்.

33/
"பேங்க் பணமும் மக்கள் பணம்தானே, அது முதல்ல வரக்கூடாதா"ன்னு ஒரு வாதம் வரும். வரட்டும். பேங்குக்கு லாயர் பேனல் இருக்கு, வேல்யூவர் இருக்கு, வருஷா வருஷம் ஆடிட்டர் வந்து ஸ்டாக் பார்த்துட்டுப் போறார். ஆலை மூச்சு வாங்கினப்ப ஸ்டெதஸ்கோப் அவங்க கைலதான் இருந்துச்சு. ரிஸ்க்கை அளந்து வட்டியில சேர்த்துத்தான் கடன் கொடுத்தாங்க. விவசாயி என்னத்தை அளந்தான்? அந்த ஏரியா கரும்பு அந்த ஆலைக்குத்தான் போடணும்னு ஒதுக்கினது அரசாங்கம். வேற ஆலைக்கு ஓட்டிட்டுப் போக அவனுக்கு உரிமையே இல்ல. யாருக்குக் கடன் கொடுக்கிறதுன்னு தேர்ந்தெடுக்கவே முடியாதவனைக் கொண்டுபோய் "ரிஸ்க் எடுத்த வணிகர்" வரிசைல நிறுத்தியிருக்கோம்.

34/
பெரியவர் விஷயம். நோட்டீஸுக்கு வக்கீல் நண்பர் பதில் எழுதிக் கொடுத்தார், "இந்தக் கடன் விண்ணப்பம், கையெழுத்து, பணம் வரவான அக்கவுண்ட் விவரம் எல்லாத்தோட நகலும் கொடுங்கள்"னு. ரிஜிஸ்டர் தபால்ல போயிருக்கு. சிபிலுக்குத் தனியா தகராறு மனு போட்டிருக்கு. மாத்திரை திரும்ப ஆரம்பிச்சுட்டார், போன வாரம் 210.

35/
இதே மாதிரி நோட்டீஸ் வச்சிருக்கிறவங்க அதைக் கிழிச்சுப் போடாதீங்க, பயந்துபோய் ஒரு ரூபாயும் கட்டாதீங்க. கட்டினா கடனை ஒத்துக்கிட்டதா ஆயிடும்னு வக்கீல் சொல்றார். எடைச்சீட்டு, வெட்டு ஆர்டர், பாஸ்புக், எது இருந்தாலும் பத்திரமா வைங்க, எலி கடிச்சதா இருந்தாலும் பரவால்ல.

தஞ்சாவூர், கும்பகோணம், பாபநாசம் பக்கம் இருக்கிற இளம் வக்கீல், ஆடிட்டர் யாராவது மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை காலைல மூணு மணி நேரம் தர முடியும்னா இன்பாக்ஸ் வாங்க. கிளினிக் அன்னைக்கு லீவு, பெஞ்ச் இருக்கு, ஃபேன் இருக்கு, ஜெராக்ஸ் மெஷின் எதிர்க்கடைல. முருங்கைக்காய் நிச்சயம்.